ஒரே உலையா, தனி உலையா? சென்சஸ் வருமுன் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களோடு ஒரு பேச்சு

ஊர்ப் பண்டிகைக்கு வரி போடும்போது எங்கள் பக்கம் தலைக்கட்டுக் கணக்குதான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அப்பாவும் மூன்று மகன்களும் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் கிண்டிய களியைத் தின்றாலும் நோட்டில் நான்கு வரி விழும். புருஷனை இழந்த அம்மாவிடம் பல ஊர்களில் வரி வாங்குவதில்லை, அதனால் நோட்டில் அவர் பெயரும் இருக்காது. இந்தக் கணக்கைப் பார்த்தே வளர்ந்த நான், பாலக்கோடு பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 2010இல் முதல்முறையாக சென்சஸ் டூட்டிக்குப் போனேன். பயிற்சியில் சொன்ன முதல் விஷயமே என் மனதில் இருந்த கணக்கைப் புரட்டிப் போட்டது. அரசாங்கத்துக்குக் குடும்பம் என்றால் ஒரே சமையலறையில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்கிறவர்கள், அவ்வளவுதான். தலை எத்தனை என்று பார்க்க மாட்டார்கள், உலை எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். அப்பாவும் மூன்று மகன்களும் ஒரே உலை என்றால் ஒரே குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம். கணவனை இழந்த அம்மா பின்கட்டில் தனியாகச் சோறு பொங்கிக்கொள்கிறார் என்றால் அவரே ஒரு குடும்பம், அவரே அதற்குத் தலைவர்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, வாசலில் போய் நின்றால்தான் கஷ்டம் தெரியும். "எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம் சார்" என்று மாமியார் சொல்வார், பின்பக்கம் மருமகளின் கேஸ் அடுப்பு தனியாக எரிந்துகொண்டிருக்கும். அதற்கு நேர்மாறாக, ரேஷன் கார்டு இரண்டு இருக்கிறதே, ஒரே குடும்பம் என்று சொன்னால் ஒன்றைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து, ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் தனி என்பார்கள். சென்சஸுக்கும் ரேஷன் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்கு எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. இதில் நடக்கும் பிழை சின்னதில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்குக் கழிப்பறை இல்லை, எத்தனை வீட்டுக்குக் குழாய் இல்லை என்று அப்புறம் போடும் எல்லாக் கணக்குக்கும் இந்தக் குடும்ப எண்ணிக்கைதான் அடி.

இப்போது மறுபடியும் வருகிறது. 1881இல் இருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை, உலகப் போர் நடந்த 1941இல்கூட நிறுத்தாமல் எடுத்த கணக்கு, கொரோனாவால் 2021இல் நின்றுபோனது. அடுத்த கணக்கின் குறிப்பு நேரம், அதாவது எந்த நேரத்து ஜனத்தொகை என்று கணக்கு சொல்லுமோ அந்த நேரம், 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. 2011க்குப் பிறகு பதினாறு வருட இடைவெளி. வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டம் வீட்டுப்பட்டியல். 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒவ்வொரு மாநிலமும் 30 நாளை எடுத்துக்கொண்டு வீடு, தண்ணீர், கழிப்பறை, அடுப்பு, வண்டி, போன் என்று 33 கேள்வி கேட்கும். இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில், அதுதான் ஆள் ஆளாகக் கேட்பது. சாதியும் அதில்தான் வரும். செலவுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 11,718 கோடி ரூபாய், களத்தில் இறங்குகிறவர்கள் சுமார் 30 லட்சம் பேர், பெரும்பாலும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்.

இவ்வளவு பணத்தையும் ஆளையும் கொட்டி எதற்கு எண்ண வேண்டும், ஆதார் இருக்கிறதே, வாக்காளர் பட்டியல் இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் மண்ணில் இருந்தே பதில் சொல்கிறேன். அன்றைக்குத் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. 1871இல் சென்னை மாகாணத்தில் எண்ணியபோது சேலம் ஜில்லாவில் சுமார் 19.7 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து 1881இல் எண்ணினால் சுமார் 16 லட்சம். இடையில் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேல் ஜனம் குறைந்திருந்தது, பிறக்க வேண்டிய பிள்ளைகள் பிறக்காததையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. பஞ்சத்தைப் பற்றிப் பாட்டும் கதையும் இருக்கின்றன, ஆனால் எவ்வளவு பேரை அது கொண்டுபோனது என்பதை எடுத்துச் சொன்னது முன்னும் பின்னும் எடுத்த இந்த இரண்டு கணக்குதான். செத்தவர்களை வேறு எந்தப் பட்டியலும் முழுதாகச் சேர்த்து வைக்கவில்லை.

இன்னொரு உதாரணமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அது கசப்பானது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண் பிள்ளைக்கு எத்தனை பெண் பிள்ளை என்று பார்த்தால், இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001இல் 826தான் இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம் என்கிற குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் 1992இல் தொடங்கி, 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள். 2011இல் அந்த எண் 913 ஆக ஏறியது. ஏறியதில் எது எதற்குப் பங்கு என்று பேசலாம், ஆனால் 826 என்ற எண் அச்சில் வந்திராவிட்டால் பேச்சே எழுந்திருக்காது. ஒவ்வொரு ஊரிலும் "எங்க ஊருல அப்படி எதுவும் இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். ஊர் ஊராகக் கேட்டால் இல்லாத விஷயம், மொத்தமாக எண்ணினால் கண்ணுக்குத் தெரிகிறது. அதன்பிறகு இன்றைக்கு அந்த எண் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அதேபோல வீடு வீடாக எண்ணுவதைத் தவிர முழுமையான வழி இல்லை.

பதினாறு வருடம் பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டுவது எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2011இல் தர்மபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர், கிருஷ்ணகிரியில் 18,79,809 பேர். தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டது 2010இல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தது 2013இல். அதாவது, ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் காவி ஏறிய ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வருமுன் எடுத்த படம்தான் கையில் இருக்கும் கடைசிப் படம். ஓசூர் நகராட்சி அன்றைக்கு 1,16,821 பேர் உள்ள ஊர், 2019இல் மாநகராட்சியாகிவிட்டது. அதைச் சுற்றி வந்த தொழிற்சாலைகளையும் விடுதிகளையும் புதுத் தெருக்களையும் 2011இன் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் தானியம் என்ற அளவு 2011 கணக்கின் மேல்தான் நிற்கிறது. இடையில் வந்த பெரிய மாதிரி ஆய்வுகள்கூட எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு 2011இன் பட்டியலைத்தான் எடுத்தன. அடித்தளம் பழசாகிவிட்டால் மேலே எத்தனை மாடி கட்டினாலும் கவலைதான்.

சரி, வேலை எப்படி நடக்கிறது? தாசில்தாரோ நகராட்சி ஆணையரோ பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழே மேற்பார்வையாளர்கள், ஒரு மேற்பார்வையாளருக்கு ஆறு கணக்கெடுப்பாளர்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் ஒரு பிளாக், ஏறக்குறைய 600, 700 பேர் வாழும் பகுதி. பிளாக்கின் எல்லை ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது, நடுவில் சந்து விழவும் கூடாது. ஏறினால் ஒரு வீட்டை இரண்டு பேர் எண்ணுவார்கள், சந்து விழுந்தால் ஒருவரும் எண்ண மாட்டார்கள். இதனால்தான் ஊர் எல்லை, வட்ட எல்லை எல்லாவற்றையும் 2025 டிசம்பர் 31க்குப் பிறகு மாற்றக்கூடாது என்று உறைய வைத்தார்கள். 2010இல் நாங்கள் கையால் வரைபடம் போட்டோம். கோயில், ஆலமரம், தண்ணீர்த் தொட்டி, பால் சொசைட்டி என்று குறித்துவிட்டு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். என் பிளாக்கில் வரப்பு தாண்டிக் கொல்லைக்குள் ஒரு வீடு இருந்தது. முதல் நாள் என் கண்ணில் படவில்லை, இரண்டாம் நாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன்தான் காட்டினான். அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். அந்தப் பையன் எதிரே வராமல் போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அப்போது படிவத்தை ஸ்கேன் செய்து கணினி படிக்கும் என்பதால் எண்ணைக் கட்டத்துக்குள் கோடு தொடாமல் எழுதச் சொன்னார்கள். இந்தமுறை செல்போன் செயலி. வீட்டுக்காரரே இணையத்தில் பதிந்துகொள்ளவும் முடியும், வீட்டுப்பட்டியல் தொடங்குமுன் 15 நாள் அதற்குத் தருகிறார்கள். பதிந்ததும் ஒரு அடையாள எண் வரும், கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் காட்டினால் போதும். 2025 நவம்பரில் இதற்கு ஒத்திகை பார்த்தார்கள், தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி வட்டம். எனக்கு அது சரியான தேர்வாகப் பட்டது. காடும் மலையும் சிக்னல் எட்டாத சிற்றூர்களும் உள்ள அஞ்செட்டியில் ஒரு செயலி வேலை செய்தால் மாநிலத்தில் வேறெங்கும் செய்யும்.

இனி கேள்விகள். எளிதாகத் தோன்றுகிற கேள்விதான் கடினம். வயதை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு அம்பதுன்னு போட்டுக்கோ" என்பார்கள். இப்படியே எல்லோரும் சொல்வதால் நாட்டின் கணக்கில் 30, 35, 40, 50, 60 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள், 41, 49 வயதில் ஆளே குறைவாகத் தெரியும். இதைத் தடுக்கத்தான் ஊருக்குத் தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேட்கச் சொல்லித் தந்தார்கள். கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணை கட்டும்போது நடக்கிற பிள்ளையா, எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் பாட்டிகள் சரியாகக் கணக்குச் சொல்லிவிடுவார்கள். அதைவிடக் கடினம் கல்யாணம் ஆன வயது. பதினைந்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் பதினெட்டு என்றே பதில் வரும், சட்டம் தெரிந்திருப்பதால். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியை விட்டு நிற்கிற பெண் பிள்ளைகளைப் பார்க்கிற ஆசிரியர்களுக்கு அந்தப் பதினெட்டை எழுதும்போது கை கனக்கும். ஆனால் சொன்னதைத்தான் எழுத வேண்டும், சான்றிதழ் கேட்கக் கூடாது.

வேலை பற்றிய கேள்வியில் நம் பெண்கள் தங்களையே அழித்துக்கொள்கிறார்கள். "வேலைக்குப் போறீங்களா அம்மா?" என்றால் "இல்லைங்க, சும்மா வீட்லதான் இருக்கேன்." விடிகாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, தக்காளிக் கொல்லையில் களையெடுத்து, மதியம் நிலக்கடலை உரித்துவிட்டு வந்த பெண் சொல்கிற பதில் அது. 2011 விதிப்படி சொந்த நிலத்தில் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான், வீட்டுக்கு மட்டும் பால் எடுக்க மாடு வளர்ப்பதும்கூட வேலைதான். ஆகவே கேள்வியை அப்படிக் கேட்கக் கூடாது, மாடு யார் பார்க்கிறார்கள், கொல்லைக்கு யார் போகிறார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கேட்கிறவர் அவசரப்பட்டால் ஒரு உழைப்பாளி கணக்கில் வேலையில்லாதவராக நின்றுவிடுவார். முடிந்தவரை ஆண்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணையே பேசவிடுங்கள், இதை நான் மன்றாடியே கேட்பேன்.

1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயம் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி சொல்லக்கூடாத கணவன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே பிரிவில் விலக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் "பழனியில நிக்கிற சாமி பேரு" என்றார், நான் எழுதிக்கொண்டேன்.

தாய்மொழிக் கேள்வி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காகவே எழுதினது போல இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி எங்கே போனாலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசி, தெருவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் உண்டு. தாய்மொழி என்றால் சிறு வயதில் அம்மா நம்மிடம் பேசிய மொழி. பள்ளியில் படித்த மொழியும் வேண்டாம், எழுதத் தெரிந்த மொழியும் வேண்டாம். அது போக, தெரிந்த வேறு இரண்டு மொழிகளுக்கும் 2011 படிவத்தில் இடம் இருந்தது, அதில் தமிழைச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று போய்விடும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

சாதிதான் இந்தமுறை பெரிய வேலை. எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931இல். 2011இல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கில் ஜனங்கள் சொன்னதை அப்படியே எழுதியதால் 46 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் வந்தன. 1931இல் இருந்தது 4,147. எழுத்துப் பிழை, உட்பிரிவு, பட்டப்பெயர், குலப்பெயர் எல்லாம் தனிச் சாதியாக நின்றன. நம் பக்கம் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "என்ன சாதி?" என்றால் "கவுண்டர்" என்பார்கள். தர்மபுரிப் பக்கம் வன்னியரும் கவுண்டர் என்பார்கள், கொங்கு வேளாளரும் கவுண்டர், சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினரும் கவுண்டர். ஒருவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஒருவர் பிற்படுத்தப்பட்டோர், ஒருவர் பழங்குடியினர். ஒரே சொல்லுக்குள் மூன்று பட்டியல். கணக்கெடுப்பாளர் வெளியூர்க்காரராக இருந்து கவுண்டர் என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. சாதிச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், பட்டப்பெயரைச் சொல்லாதீர்கள்.

வீட்டுப்பட்டியலில் இந்தமுறை முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்றும் கேட்கிறார்கள். கேழ்வரகு விளையும் மண் நம்முடையது, 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும்தான் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசி என்று சொன்னால்தான் மரியாதை என்று நினைக்கிற தலைமுறை இன்னும் இருக்கிறது. களி தின்றால் களி என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை, வாசலிலேயே இல்லாதவர்களைப் பற்றித்தான். 2011 கணக்கு முடிந்தபின் அரசே நடத்திய சரிபார்ப்பில் ஆயிரம் பேருக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். நாடு முழுவதற்குமான விகிதம் அது, ஒரு பேச்சுக்குத் தர்மபுரி மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் 34 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. யார் விடுபடுவார்கள்? ஆள் எண்ணும் வேலை பிப்ரவரியில். மானாவாரி அறுவடை முடிந்து, கொல்லையில் வேலை இல்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கிளம்புகிற மாதம் அது. விதி என்ன சொல்கிறது என்றால், எண்ணும் நாட்களில் கொஞ்ச நாளாவது வீட்டில் இருந்தாலும், முடிவதற்குள் திரும்பி வருவார் என்றாலும் ஊரில்தான் எழுத வேண்டும். மொத்த நாளும் வெளியிலேயே இருந்தால் எங்கே இருக்கிறாரோ அங்கே. ஆக, பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் பென்னாகரத்துக் குடும்பத்தை ஊரில் பாட்டியிடம் கேட்டால் "அவங்க அங்க இருக்காங்க" என்று சொல்லி முடித்துவிடுவார், அங்கே கொட்டகைக்கு யாராவது போனார்களா என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்திலும் ஒவ்வொருவர் மற்றவர் எழுதியிருப்பார் என்று நம்பினால் அந்தக் குடும்பம் எங்கேயும் இருக்காது. வேலைக்குப் போயிருக்கிற நம் ஆட்களுக்கு போன் செய்து, உங்களை அங்கே யாராவது வந்து எழுதினார்களா என்று கேட்பது பெரிய உதவி. இதன் மறுபக்கம் ஓசூர். ஒரு அறையில் பத்துப் பேர், ஒரே மெஸ் சாப்பாடு, பாதிப் பேர் இரவு ஷிப்டு. பகலில் போனால் தூங்குவார்கள், இரவில் போனால் இருக்க மாட்டார்கள். இப்படி உறவில்லாதவர்கள் ஒரே சமையலில் சாப்பிடும் விடுதியை நிறுவனக் குடும்பம் என்று தனியாக எழுதுவார்கள், விடுதி நடத்துகிறவர் உண்மையான ஆள் கணக்கைச் சொன்னால்தான் நடக்கும்.

மலைக்கு மேலே போகிறவர்களுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதைமேல்தான் போனது. தேர்தலுக்கு ஒரு நாள் ஏறினால் போதும், சென்சஸுக்குப் பூட்டியிருக்கிற வீட்டுக்காக இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏற வேண்டும்.

சொன்ன பதில் நம் மேலேயே திரும்புமோ என்ற பயம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2010இல் வீட்டுப்பட்டியலோடு தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் சேர்த்து எழுதினோம், அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது, சென்சஸ் வேறு சட்டம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாசலில் கேட்டதால் ஜனங்களுக்குக் குழப்பம் வந்ததில் தப்பே இல்லை. சென்சஸில் நீங்கள் சொல்வதைக் காவல்துறையோ வரி அலுவலகமோ பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவும் முடியாது, சட்டத்தின் 15ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. எண்ணிக்கையாகச் சேர்ந்தபிறகுதான் வெளியே வரும், தனி ஆளின் பதிலாக வராது.

2011இல் கடைசி வேலை பிப்ரவரி 28 இரவு, வீடே இல்லாதவர்களை எண்ணுவது. எல்லா ஊரிலும் ஒரே இரவில் எண்ண வேண்டும், இல்லையென்றால் இடம் மாறிப் படுக்கிறவர்கள் இரண்டுமுறை வருவார்கள் அல்லது வராமலே போவார்கள். நாங்கள் இரண்டு பேர் டார்ச்சோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனோம். பூட்டிய கடைகளின் படியில், போர்வைக்குள் படுத்திருந்தவர்களை எழுப்பிப் பெயர் கேட்டோம். ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "என் பேரை எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதியதைக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்றார், வாசித்துக் காட்டியபின் போர்வையை இழுத்துக்கொண்டார்.